இரண்டு அப்பாமாரும் ஒரு பிறப்புச் சான்றிதழும்

இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள். ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். ஒரு நாள் "நமக்கொரு பிள்ளை வேண்டும்" என்று முடிவெடுக்கிறார்கள். அதற்கப்புறம் நடக்கிற அமளிதான் கதை. இப்படியான காதல் நகைச்சுவைப் படங்களை இன்று ஹட்டனிலும் பண்டாரவளையிலும் யாரும் ஃபோனில் பார்க்கலாம். பார்ப்பவர்களுக்குக் கதை புரிகிறது, கதைக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடுகள்தான் புரிவதில்லை. ரெண்டு ஆம்பிளைகளுக்கு எப்படிப் பிள்ளை? யாரிடம் விண்ணப்பிக்கிறார்கள்? கோப்போடு வீட்டைப் பார்க்க வருகிற அந்த அம்மா யார்? எல்லாவற்றுக்கும் மேலாக, இது நம்ம ஊரில் நடக்குமா?

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொல்லிவிடலாம். தனி ஆண் ஒருவர் பிள்ளையை ஏற்று வளர்ப்பதற்கு இலங்கைச் சட்டம் முழுதாகக் கதவடைக்கவில்லை. இருவராக வந்து நின்றால்தான் அடைக்கிறது. அது எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

கல்யாணத்தில் தொடங்கும் கதை

வழக்கமான காதல் நகைச்சுவை கல்யாணத்தோடு முடியும். அப்பா ஒத்துக்கொள்வாரா, மாப்பிள்ளை வந்து சேருவாரா என்ற இழுபறிதான் கதை. இந்த வகைப் படம் அந்தக் கதை முடிகிற இடத்தில் தொடங்குகிறது. இருவரும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள், ஊரும் ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது. இனித் தடை உள்ளுக்குள்ளே. ஒருவருக்குப் பிள்ளை ஆசை, மற்றவருக்குப் பயம். அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவன், நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று நடுங்குவான். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் தொட்டில் நிறத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பான்.

ஆண், பெண் ஜோடிக்குப் பிள்ளை எதிர்பாராமலும் வரும். இவர்களுக்கு அப்படி வராது. ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு, ஒரு கையொப்பம், பெரும்பாலும் ஒரு கட்டணம். ஏன் அப்பாவாக ஆசைப்படுகிறாய் என்று நம்மில் எத்தனை பேரிடம் யாராவது கேட்டிருக்கிறார்கள்? இவர்களிடம் முன்பின் தெரியாத அதிகாரி கேட்பார், பதிலை எழுதியும் வைத்துக்கொள்வார். படத்தின் சிரிப்பும் கண்ணீரும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விண்ணப்பப் படிவத்தை வைத்துச் சிரிக்க வேண்டுமென்றால், முதலில் அந்தப் படிவத்தை வாங்க ஒரு கருமபீடம் திறந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன்பாலின இணையர் சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை 2005 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. தென்னாபிரிக்காவில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2002இலேயே வழிவிட்டது. ஆசியாவில் தைவான் 2019இல் திருமணத்தை ஏற்று, 2023இல் முழுத் தத்தெடுப்பு உரிமையைக் கொடுத்தது. தாய்லாந்தில் திருமணச் சமத்துவச் சட்டம் 2025 ஜனவரி 23இல் அமலுக்கு வந்தது, தத்தெடுக்கும் உரிமையும் அதோடு வந்தது. சட்டம் கதவைத் திறந்த பிறகுதான் இந்த வகைச் சிரிப்புக்கு இடம் கிடைக்கிறது.

பிள்ளை வந்து சேரும் வழிகள்

1. மகவேற்பு. பேச்சில் தத்தெடுப்பது, சுவீகாரம் என்கிறோம். நம் சட்டத் தமிழில் இதற்கு மகவேற்பு என்று பெயர். பெற்றவரின் உரிமையும் கடமையும் நீதிமன்றக் கட்டளை மூலம் ஏற்றவருக்கு மாறிவிடும், நிரந்தரமாக. இதை வளர்க்கக் கொடுப்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அக்காவின் பிள்ளையைத் தங்கை வளர்ப்பதும், கொழும்புக்கு வேலைக்குப் போனவரின் பிள்ளையை அம்மாயி வளர்ப்பதும் தோட்டங்களில் எப்போதும் நடப்பவை. அங்கே பிள்ளை கைமாறினாலும் காகிதம் மாறாது.

2. வாடகைத்தாய். இன்று பெரும்பாலும் நடப்பது இப்படி: ஒரு பெண் கருமுட்டை தானம் செய்கிறார், இருவரில் ஒருவரின் விந்தோடு அது ஆய்வுகூடத்தில் சேர்க்கப்படுகிறது, உருவான கருவை வேறொரு பெண் சுமந்து பெறுகிறார். சுமப்பவருக்கும் பிள்ளைக்கும் மரபணுத் தொடர்பு கிடையாது. சோதனைக்குழாய் முறையில் உலகின் முதல் குழந்தை 1978இல் பிறந்திருக்காவிட்டால் இந்த வழியே இல்லை. ஒரு பிள்ளையின் உடலில் இரண்டு அப்பாமாரின் மரபணுவும் கலக்க முடியாது, ஒருவருடையது மட்டும்தான். அது யாருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் பல படங்களில் நடுப்பகுதிச் சண்டை. அமெரிக்காவில் இதற்கு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் போகும்.

3. தற்காலிக வளர்ப்பு. பெற்றோரால் பார்க்க முடியாத பிள்ளையை அரசு ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கும், திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். படத்தில் பிள்ளை போகிற காட்சி வந்தால் அது பெரும்பாலும் இந்த வழிதான்.

4. தோழி ஒருவரோடு சேர்ந்து பெற்றோராவது. மூவருக்கிடையே புரிந்துணர்வு இருக்கும், பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருவரை மட்டுமே பெற்றோர் என்று பதிந்துகொள்ளும்.

பிள்ளைக்கு இது கெடுதி இல்லையா என்று கேட்பது நியாயமான கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பல ஆண்டு ஆய்வுகளைப் பரிசீலித்து 2013இல் தன் நிலைப்பாட்டை அறிவித்தது. பிள்ளையின் நலனுக்குப் பெற்றோரின் பாலின ஈர்ப்பு முக்கியமில்லை, உறவின் உறுதியும் வீட்டின் நிம்மதியும் சுற்றத்தின் ஆதரவும்தான் முக்கியம் என்பது அதன் சாரம். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார அமைப்பு நீக்கியது 1990இல்.

இலங்கையில் கதவு எங்கே அடைகிறது

படிப்படியாகப் போவோம், ஏனென்றால் ஒரு சட்டம் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கிறது.

1. மகவேற்பை ஆள்வது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விண்ணப்பதாரருக்கு 25 வயதாவது இருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. தனி ஆள் விண்ணப்பிக்கலாம். தனி ஆண் ஒரு பெண் பிள்ளையைக் கேட்டால், விசேட காரணம் இருப்பதாக நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும்.

2. இருவர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்கள் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். தன்பாலின இணையருக்கு இலங்கையில் திருமணப் பதிவு இல்லை. ஆக, எத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருந்தாலும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இரண்டு தனி ஆட்கள், ஒருவர்தான் கேட்கலாம்.

3. இதற்குக் கீழே தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. 1883இல் பிரித்தானியர் தந்த சட்டம். அதன் 365ஆம் பிரிவு 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவையும், 365அ பிரிவு 'பாரதூரமான ஒழுக்கக்கேடு' என்பதையும் குற்றமாக்குகின்றன. 365அ பொது இடத்தில் நடந்ததா, தனிமையில் நடந்ததா என்று பார்ப்பதில்லை. ஆண்களை மட்டும் குறித்த அந்தப் பிரிவு, 1995இல் பெண்களையும் உள்ளடக்கும்படி விரிக்கப்பட்டது.

4. இதை மாற்ற முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2016இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு செய்வதை அரசு கண்காணிக்கக் கூடாது என்ற இன்றைய சிந்தனையையும் தீர்ப்பில் குறிப்பிட்டது. தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயற்பாட்டாளர் றொசானா ஃபிளேமர் கல்தேரா தொடுத்த முறைப்பாட்டில், இந்தக் குற்றமாக்கல் பெண்களின் உரிமையை மீறுகிறது என்று பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் கண்டது. 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் தீர்மானித்தது. ஆனால் வாக்கெடுப்புக்கு வராமலே, 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் போனது.

இந்த நான்கையும் அடுக்கி வைத்தால் நடப்பது என்ன? 'நாங்கள் இருவரும் இணையர்' என்று உண்மை சொல்லி விண்ணப்பிப்பவர், குற்றச் சட்டத்தின் வாசலில் தானே போய் நிற்கிறார். 'நான் தனி ஆள்' என்பவர் நீதிமன்றத்துக்கு அரை உண்மையைக் கொண்டுபோகிறார்.

வீட்டைப் பார்க்க வரும் நாள்

இந்த வேறுபாடு எங்கே நன்றாகத் தெரியும் என்றால், இந்த வகைப் படங்களின் மிகச் சிரிப்பான காட்சியில்தான். சமூகசேவை அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார். இருவரும் விடிய விடியக் கூட்டித் துடைக்கிறார்கள், கத்தியை உயரத்தில் ஏற்றுகிறார்கள், மின்செருகிகளை அடைக்கிறார்கள், யார் கதவைத் திறப்பது என்று முட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் எதையோ தட்டிவிட்டு, மாவும் முட்டையுமாய் நின்றபடியே வரவேற்கிறார்கள்.

அதே நாளை மஸ்கெலியாவில் ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். நம் நாட்டிலும் மகவேற்பு விண்ணப்பத்துக்கு நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். இங்கேயும் விடிய விடிய வேலை நடக்கும், ஆனால் வேலை வேறு. குளியலறைக் கோப்பையிலிருந்து இரண்டாவது பல்துலக்கியை எடுக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் தொங்கும் இன்னொரு அளவுச் சட்டைகளை மூட்டை கட்ட வேண்டும். இருவரும் எடுத்த படத்தைச் சுவரிலிருந்து கழற்றினால் அதன் அடியில் வெளுக்காத சதுரம் ஒன்று தெரியும், அங்கே ஒரு நாட்காட்டியை மாட்ட வேண்டும். அப்புறம் ஒருவர் காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய், தகவல் வரும்வரை ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடையில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு இரவில் பால் கரைக்கப் போகிறவர் அவராகவும் இருக்கலாம். அறிக்கையில் அவர் இருக்கமாட்டார்.

பிள்ளையின் பாதுகாப்புக்காக வந்த நடைமுறை, பிள்ளையை வளர்க்கப்போகும் இரண்டு பேரில் ஒருவரைப் பார்க்காமலே திரும்பிப் போகிறது. எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான். அவர் நல்லவரா, பொறுமைசாலியா, குடிப்பாரா என்று யாரும் விசாரிக்கவில்லையே.

மலையகத்தின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது

"பிள்ளையை வாங்குகிறார்கள்" என்று முகம் சுளிக்கும் பெரியவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவர்களுக்கு ஒரு நினைவு இருக்கிறது. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப் போன குழந்தைகள் சுமார் 11,000 என்று மதிப்பிடப்படுகிறது. அதில் நெதர்லாந்துக்கு மட்டும் ஏறத்தாழ 4,000. நீதிமன்றத்தில் 'நான்தான் தாய்' என்று நிற்பதற்குக் காசு கொடுத்து வேறு பெண்களைக் கூட்டிவந்ததும், குழந்தைகளை விற்பதற்கென்றே வைத்திருந்த வீடுகள் பிடிபட்டதும் பின்னாளில் வெளிவந்தன. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதைத் தோண்டியபோது, அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சரும் அப்படி நடந்ததை ஒப்புக்கொண்டார். வளர்ந்து ஆளான பிள்ளைகள் இன்றும் தாயைத் தேடி வருகிறார்கள், கையிலிருக்கும் காகிதத்தில் தாயின் பெயரே பொய்.

இதற்குப் பிறகு 1992இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பு விதிகள் இறுக்கப்பட்டன. பிள்ளைக்குப் பதிலாகப் பணமோ வெகுமதியோ கைமாறக் கூடாது என்ற விதியும் சட்டத்தில் இருக்கிறது.

வாடகைத்தாய் முறையிலும் இதே கேள்வி திரும்ப வருகிறது, நம் பக்கத்து நாடுகளிலேயே. வெளிநாட்டு ஆண் இணையர் பலர் முன்பு இந்தியாவுக்கு வந்தார்கள். 2012இல் இந்தியா விசா விதியை மாற்றி, திருமணமான ஆண், பெண் தம்பதிக்கு மட்டும் என்றது. உடனே ஏற்பாட்டாளர்கள் நேபாளத்துக்கு நகர்ந்தார்கள், இந்தியப் பெண்களை அங்கே கூட்டிப்போய்ப் பெற வைத்தார்கள். 2015 ஏப்ரலில் நேபாளத்தைப் பூகம்பம் தாக்கியபோது, இஸ்ரேல் விமானம் அனுப்பித் தன் நாட்டவருக்குப் பிறந்த குழந்தைகளை மீட்டது. சுமந்து பெற்ற பெண்களின் கதி என்ன என்ற கேள்வி அப்போதுதான் உலகத்தின் காதில் விழுந்தது. அதே ஆண்டு நேபாளம் தடைவிதித்தது, தாய்லாந்தும் வெளிநாட்டவருக்கு மூடியது. இந்தியாவின் 2021 சட்டம் வணிக வாடகைத்தாய் முறையையே நிறுத்தியது.

இந்தக் கவலை நியாயமானது, நான் அதைப் பகிர்கிறேன். ஆனால் அது யாரைப் பற்றிய கவலை என்று பார்க்க வேண்டும். 1980களில் பிள்ளை வாங்கிப்போனவர்கள் பெரும்பாலும் திருமணமான ஆண், பெண் தம்பதிகள். வறுமையும் தரகரும்தான் அன்று கேடு செய்தவை. கண்காணிப்பு இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டு அப்பா இங்கே புதிதா?

கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் ஒரு வழக்கத்தைக் குறிக்கிறார். சகோதரர் இருவர் ஒரே மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்வது அங்கே சாதாரணம், பிள்ளைகள் இருவரையுமே அப்பா என்று அழைப்பார்கள் என்கிறார். பிரித்தானியர் 1859இல் இதைச் சட்டத்தால் நிறுத்தினார்கள். அது தன்பாலீர்ப்பு சம்பந்தப்பட்ட வழக்கம் இல்லை, அப்படித் திரிக்கவும் கூடாது. இந்த மலைகளில் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு இரண்டு அப்பா இருந்தபோது உலகம் கவிழவில்லை என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கும் இது புதிதில்லை. அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இருவரும் நமக்கு அப்பாமார்தான், பேரிலேயே இருக்கிறது.

ஆண் கையில் பிள்ளை வளருமா என்ற சந்தேகம் வேறு. அதில் அரசே ஒரு பக்கம் நின்றது. 2013இல் கொண்டுவந்த விதிப்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது. 2022இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. தகப்பனுக்கு அப்படி எந்த விதியும் போடவில்லை. ஆனால் அம்மா சவூதியிலோ குவைத்திலோ இருக்க, விடிய எழும்பிப் பிள்ளைக்குத் தலைசீவி, பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், விட்டுவிட்டுக் காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு) ஓடுகிற அப்பாமாரைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

கட்டங்களுக்கு வெளியே

பழைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகப்பன் பெயர், பிறந்த இடம், இனம் என்று ஒரு கட்டம். தாய்க்கு ஒன்று. 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்று ஒன்று. அதற்குக் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். இன்னும் கீழே பூட்டன். 1948இன் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழியில் தலைமுறை கேட்ட கேள்வி அப்படியே இந்தத் தாளில் இருக்கிறது. அந்தக் கட்டங்களை நிரப்ப முடியாததால்தான் நம் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இன் இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டார்கள். மிச்சம் விட்டவர்களுக்காக 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து உழைத்தும் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் என்னவாகும் என்பதை மலையகத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மகவேற்புக் கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகத்தின் தனிப் பதிவேட்டில் பிள்ளை ஏறும், ஏற்றவர் பெயரோடு புதிய சான்றிதழ் வரும். இணையரில் ஒருவர் மட்டும் ஏற்றிருந்தால் மற்றவர் பெயருக்கு அதில் இடமில்லை. அதனால் வரக்கூடியவை:

1. பெயருள்ளவர் வெளியூர் போயிருக்கும்போது பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், கையொப்பமிட மற்றவருக்கு உரிமை இல்லை.

2. இருவரும் பிரிந்தால், பெயரில்லாதவர் பிள்ளையைப் பார்க்க வருவதற்கு உரிமை கோர அடிப்படை இல்லை. பத்து வருடம் வளர்த்திருந்தாலும் அப்படித்தான்.

3. பெயரில்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து பிள்ளைக்கு வராது, அவருடைய பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் போன்ற உறவினருக்குப் போகும். உயில் எழுதினால் கொடுக்கலாம். இன்று செய்யக்கூடிய சில வேலைகளில் இது ஒன்று, இதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

4. பெயருள்ளவர் இறந்தால், மற்றவரைப் பாதுகாவலராக உயிலில் குறிப்பிட்டிருக்கலாம். ஆனால் இறந்தவரின் சொந்தக்காரர்கள் எதிர்த்து வந்தால் நீதிமன்றம்தான் தீர்மானிக்கும். அங்கே 'நீங்கள் யார்' என்று கேட்டால் இரண்டாமவருக்கு இருக்கும் பதில் 'நண்பன்' என்பதுதான்.

5. பிள்ளை இவற்றையெல்லாம் சீக்கிரமே புரிந்துகொள்ளும். லயத்தில் சுவருக்குச் சுவர் காது. வீட்டுக்குள்ளே அப்பா என்று கூப்பிட்டவரை, பாடசாலை கேட்டடியில் மாமா என்று கூப்பிட முதலாம் வகுப்புக்கு முன்பே பழகியிருக்கும்.